இரண்டு டம்ளர் தண்ணீரில் மண்ணைப் பேச வைத்த அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த மடலை எழுத உட்காரும் முன், பள்ளக்கட்டு வயலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து, கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் ஊற்றிக் கலக்கித் திண்ணையில் வைத்திருக்கிறேன். எதற்கென்று உங்களுக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்கும் போகப் போகத் தெரிந்துவிடும்.

உங்கள் முகவரி என்னிடம் இல்லை. மண் பரிசோதனை வண்டியில் எங்கள் ஊருக்கு மூன்று முறை வந்தீர்கள். நான்காவது முறை வண்டி வந்தபோது நீங்கள் இல்லை, மாற்றலாகிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளும் அளவுக்கு அன்று எங்களுக்குப் புத்தி இல்லை. வீட்டில் இன்றுவரை உங்களுக்கு ‘மண்ணக்கா’ என்றுதான் பெயர். அதனால்தான் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். உங்கள் கண்ணில் படாமல் போனாலும், உப்புப் பூத்த வயலைப் பார்த்துக் கையைப் பிசைந்து நிற்கிற யாரோ ஒருவர் படித்தால், அது உங்களைச் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்வேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. வேதாரண்யத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் நடுவே கடலை ஒட்டிக் கிடக்கும் எங்கள் ஊரில் சம்பாக் கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றது. பொங்கல் கழிந்ததும் அறுத்துவிடலாம் என்று அப்பா கணக்குப் போட்டிருந்தார். அன்று காலையில் கடல் வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்தத் துக்கத்தின் நடுவே வயலைப் பற்றிப் பேச எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. பக்கத்துத் தெருவில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் உட்கார்ந்திருக்கையில், நெல் போச்சே என்று எப்படி அழுவது?

தை மாதம் பாதி போன பிறகுதான் அப்பா வரப்பில் கால் வைத்தார். நானும் கூடப் போனேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பயிர் கருகிக் கிடந்தது. மேலே சாம்பல் நிறத்தில் கடல் சேறு, அதன் மேல் வெள்ளை பூத்திருந்தது. அப்பா குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தார். உடனே துப்பிவிட்டார். “மண்ணு செத்துப் போச்சும்மா” என்றார். அவர் குரல் அப்படி ஒடிந்து நான் கேட்டதில்லை.

உப்பு எங்களுக்குப் புதியதா, அக்கா? வேதாரண்யத்து உப்பளங்களின் வெள்ளைக் குவியல்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளியது எங்கள் கடற்கரையில்தான் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஆனால் பாத்தியில் விளையும் உப்பு வயலில் விளைந்தால் என்ன செய்வது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

உங்களுக்கு முன்னால் ஒரு வியாபாரி வந்தார். நீல நிறக் கேனில் கறுப்பாக ஒரு திரவம். உப்பைத் தின்னும் நுண்ணுயிர் இதில் கோடிக்கணக்கில் இருக்கிறது, மூன்றே மாதத்தில் வயல் பழையபடி ஆகிவிடும் என்றார். அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது. கேனை வாங்கி ஊற்றினோம். காய்ந்த வயலில் அது ஒரு கறையாகத் தங்கியதோடு சரி.

மாசி மாதம் நீங்கள் வந்தபோது அப்பா அந்தக் காலிக் கேனைத்தான் முதலில் காட்டினார். நீங்கள் அவரைத் திட்டவில்லை, ஏமாந்தவர் என்று பார்க்கவும் இல்லை. வரப்பிலேயே உட்கார்ந்து சொன்னீர்கள்: “உப்பத் தின்கிற உயிரு எதுவும் கெடையாதுங்க ஐயா. உப்பு தண்ணியோட வந்துச்சு, தண்ணியோடதான் போவும். எருவும் நுண்ணுயிரும் அது போறதுக்கு வழி பண்ணும், போன பிறகு மண்ணுக்குத் தெம்பு குடுக்கும். அவ்வளவுதான் அதுங்க வேல. ஆனா அந்த வேலைய வேற யாரும் செய்ய முடியாது.”

இருபது ஆண்டுகளாக இந்த நாலு வரியை வைத்துத்தான் நான் விவசாயம் செய்கிறேன்.

அன்று நீங்கள் மண் எடுத்த விதத்தை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். மேலே பூத்திருந்த வெள்ளையைச் சுரண்டித் தனிப் பையில் போட்டீர்கள். அப்புறம் மண்வெட்டியால் ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, ஓரத்து மண்ணை மேலிருந்து கீழ்வரை சீராகச் சீவி எடுத்தீர்கள். வயலில் பத்து இடத்தில் அப்படி எடுத்து, கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, கடைசியில் அரைக் கிலோ மிஞ்சும்வரை விடவில்லை. பரிசோதனையில் மின்கடத்துத் திறன் என்று ஓர் எண் வரும், 4 டெசிசைமனுக்கு மேல் போனால் உவர் நிலம், நெல்லுக்கு மூன்றிலேயே வலிக்க ஆரம்பித்துவிடும் என்றீர்கள். கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு என்று நீங்கள் சொன்னதும், அம்மா உள்ளே போய் ஒரு கைப்பிடி உப்பை எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதன் பிறகுதான் எங்கள் வீட்டு டீ டம்ளர் இரண்டைக் கேட்டு வாங்கினீர்கள். ஒன்றில் எங்கள் மேட்டு வயலான மேட்டுக்கட்டின் மண், மற்றதில் தாழ்ந்த வயலான பள்ளக்கட்டின் மண். மேட்டுக்கட்டு மணல் சேர்ந்தது. பள்ளக்கட்டு நல்ல களி. எங்கள் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், அதிலேயே உப்பு இருக்கும் என்று வண்டியிலிருந்து சுத்தமான தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக் கலக்கினீர்கள். சற்று நேரத்தில் இரண்டிலும் மண் அடியில் உட்கார்ந்து தண்ணீர் தெளிந்துவிட்டது. அப்பாவின் முகம் மலர்ந்தது. நீங்கள் தலையாட்டினீர்கள். “தெளிஞ்சத மட்டும் நம்பாதீங்க. உப்பு நெறைய இருந்தாலும் மண்ணு கட்டிச் சேந்து உக்காந்துரும். நல்ல மண்ணும் தெளியும், உவர் மண்ணும் தெளியும். நாக்குல வச்சுப் பாத்தாத்தான் எது எதுன்னு தெரியும்.” அப்பாவின் நாக்கும் உங்கள் டம்ளரும் அன்று ஒன்றாகச் சேர்ந்தன. மண்ணைச் சுவைத்துப் பார்க்கும் பழக்கத்தைப் பட்டிக்காட்டுத்தனம் என்று நீங்கள் ஒதுக்காததில் அவருக்கு எவ்வளவு பெருமை தெரியுமா!

சித்திரையில் சேற்றையும் வெள்ளையையும் சுரண்டி வயலுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினோம். நீங்கள் சொன்னபடி வயலை இருபத்தைந்து சென்ட் துண்டுகளாகப் பிரித்து வரப்பை உயர்த்தினோம். இரண்டடி ஆழம், ஒன்றரை அடி அகலத்தில் வடிகால் வெட்டினோம். மழைத்தண்ணீர் வயலில் தேங்கி உப்பைக் கரைக்க வேண்டும், கரைந்த தண்ணீர் வெளியே போக வேண்டும். வடிகால் இல்லாத வயலில் எத்தனை வண்டி எரு அடித்தாலும், வெயில் ஏறியதும் உப்பு மறுபடி மேலே வந்துவிடும் என்று நீங்கள் எச்சரித்திருந்தீர்கள். ஊரில் எருவுக்கு ஆள் கிடைத்தது, வடிகாலுக்கு ஆள் கிடைக்கவில்லை. அப்பாவும் நானும்தான் வெட்டினோம்.

ஆடி கடைசியில் மழை விழுந்ததும் பசுந்தாள் பயிரான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்தோம். முதலில் திட்டுத் திட்டாகத்தான் முளைத்தது. போகப் போக இடுப்பு உயரம் வந்தது, சில இடத்தில் மார்பு உயரம். பல மாதமாகப் பழுப்பையும் வெள்ளையையுமே பார்த்திருந்த கண்ணுக்கு அந்தப் பச்சை எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது!

புரட்டாசியில் நீங்கள் இரண்டாவது முறை வந்தீர்கள். ஒரு செடியை வேரோடு பிடுங்கி மண்ணை உதறினீர்கள். வேரில் கடுகு கடுகாக முண்டுகள் ஒட்டியிருந்தன. நோய் என்று நினைத்து அப்பா பதறினார். நீங்கள் ஒரு முண்டை நகத்தால் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தீர்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, ரத்தம் கட்டிய மாதிரி இருந்தது. “உள்ள செவப்பா இருந்தா உசுரோட வேல பாக்குதுன்னு அர்த்தம். காத்துல இருக்கிற தழைச்சத்தப் புடிச்சு வேருக்குக் குடுக்குது. கடலு மூழ்கடிச்ச மண்ணுல இது வந்து குடியேறியிருக்கு. இன்னமும் செத்த மண்ணுங்கிறீங்களா ஐயா?” அப்பா பதில் சொல்லவில்லை. அன்றைக்குப் பிறகு அந்தச் சொல்லை அவர் வாயில் நான் கேட்கவே இல்லை.

அடுத்து நீங்கள் சொன்னதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. நாற்பத்தைந்து நாளில், பூவெடுக்கும் நேரத்தில், அத்தனையையும் மடக்கி உழ வேண்டும். “இவ்வளவு பச்சையா நிக்கிறத எப்படிம்மா அழிக்கிறது?” என்றார். பொறுமையாக விளக்கினீர்கள். வேர் போன வழியெல்லாம் மண்ணுக்குள் குழாய் போட்ட மாதிரி, மழைத்தண்ணீர் அதன் வழியே இறங்கும். தழை மக்கும்போது கரியமில வாயுவும் அமிலங்களும் உண்டாகும். அவை மண்ணில் கெட்டியாகக் கிடக்கும் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். கரைந்து வரும் சுண்ணாம்புச் சத்து களியைப் பிடித்துக்கொண்டிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். தள்ளிவிடப்பட்ட சோடியம் தண்ணீரோடு வடிகாலில் இறங்கும். ஒரு செடி மக்குவதில் இவ்வளவு நடக்கிறதா என்று நான் மலைத்துப்போனேன்.

அன்று மத்தியானம் அம்மா வடித்த கஞ்சிக்கும் ஒரு வேலை வைத்தீர்கள். ஆறிய கஞ்சியில் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா பொட்டலங்களைக் கொட்டி, அந்தக் கறுப்புக் குழம்பில் குழியடிச்சான் நெல் விதையைப் புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தச் சொன்னீர்கள். நடவின்போதும் நாற்றைக் கட்டுக் கட்டாக அந்தக் கரைசலில் வேர் நனைத்துத்தான் நட்டோம். இந்த நுண்ணுயிர்கள் வேரைச் சுற்றிக் குடியிருந்து, வேர் நீளவும் கிளைக்கவும் உதவும். உப்பு மண்ணில் பயிர் தண்ணீருக்குத் தவிக்கும், வேர் பெருத்தால் அந்தத் தவிப்பு குறையும் என்றீர்கள். பொட்டலத்தை வெயிலில் வைக்காதே, காலாவதித் தேதி பார், ரசாயன உரத்தோடு கலக்காதே, தொழு எருவோடு சேர்த்தே வயலில் இடு என்று நீங்கள் அடுக்கியதை நான் என் நோட்டில் எழுதிக்கொண்டேன். “இதுவும் உயிருதான். பால் வாங்கி வச்சா எப்படிப் பாத்துப்பீங்களோ அப்படிப் பாத்துக்குங்க” என்றீர்கள். வியாபாரியின் நீலக் கேன் எத்தனை நாள் வெயிலில் கிடந்ததோ என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தது. தமிழ்நாடே வெள்ளத்தில் தத்தளித்த ஆண்டு அது. எங்கள் கடலோரத்துக்கு அதுவே மருந்தாகவும் இருந்தது. வெட்டி வைத்த வடிகால் ராப்பகலாக ஓடியது. மேட்டுக்கட்டில் ஒரு மா நிலத்துக்கு இரண்டு மூட்டை நெல் கண்டோம். முன்பு நாலு மூட்டை கண்ட வயல்தான். ஆனாலும் அந்த நெல்லை அளந்த அன்று அம்மா விளக்கேற்றினாள்.

பள்ளக்கட்டுதான் கைவிட்டது. பயிர் மஞ்சளாகி மடிந்தது. மழை விட்டதும் மண் சிமெண்டுத் தரை மாதிரி இறுகியது. ஏர் இறங்கவில்லை. அப்பா நாக்கில் வைத்துப் பார்த்தார், உப்புக் கரிக்கவில்லை. உப்பும் போய்விட்டது, பயிரும் வரவில்லை, இது என்ன சாபம் என்று நொந்துபோனார். மாசியில் நீங்கள் மூன்றாவது முறை வந்து அதே டம்ளரில் அந்த மண்ணைக் கலக்கி வைத்தீர்கள். சாயங்காலம்வரை தெளியவில்லை. நீங்கள் கிளம்பிப் போன மறுநாள் காலையிலும் அது காபி நிறத்திலேயே நின்றது.

உவருக்கும் களருக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த டம்ளர் எங்களுக்குக் காட்டிவிட்டது. மழை கரையும் உப்பைக் கொண்டுபோய்விட்டது. களியைப் பிடித்திருந்த சோடியம் மட்டும் அங்கேயே தங்கி மண்ணைக் களராக்கிவிட்டது. அந்தச் சோடியம் இருக்கும்வரை மண்துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும், சேர்ந்து உட்காரா. தண்ணீரும் இறங்காது, வேரும் இறங்காது. மணல் சேர்ந்த மேட்டுக்கட்டுக்கு மழையும் தழையும் போதுமாக இருந்தன. களிமண்ணுக்கு அது போதவில்லை.

அங்கேதான் உங்கள் நேர்மையைக் கண்டேன். அந்த நாட்களில் இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயா நாகைக் கடலோரத்தில் மண் மீட்பில் இறங்கியிருந்தார். அவர் பேச்சைக் கேட்ட ஊர் இளைஞர்கள் ரசாயனம் என்ற சொல்லையே வெறுத்தார்கள். பள்ளக்கட்டுக்கு ஜிப்சம் போடச் சொன்ன நீங்கள் அவர்களோடு சண்டைக்குப் போகவில்லை. ஜிப்சமும் பூமியில் வெட்டி எடுக்கும் ஒரு கல்தான், இந்த வயலுக்கு இப்போது அவசரமாகச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்றீர்கள். பரிசோதனை காட்டிய ஜிப்சத் தேவையில் பாதியை மட்டும் போட்டுத் தண்ணீர் கட்டி வடித்துவிடுங்கள், மீதியைத் தழையும் எருவும் பார்த்துக்கொள்ளும் என்றீர்கள். ஏக்கருக்கு 5 டன் தொழு எரு, நடவுக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால் 2 டன் பசுந்தழை, கூடவே கொஞ்சம் துத்தநாக சல்பேட். எந்தக் கட்சியையும் சேராமல், வயலின் பக்கமாக நின்று பேசினீர்கள்.

பள்ளக்கட்டு தேற மூன்று ஆண்டு ஆனது. ஆண்டுதோறும் தக்கைப்பூண்டு, எருக்குழி மக்கு, கோடை உழவு, சித்திரை வெயிலில் மண் வெறுமையாகக் கிடக்காதபடி வைக்கோல் மூடாக்கு. எது செய்யக்கூடாது என்று நீங்கள் சொன்னவையும் நோட்டில் இருக்கின்றன. மக்காத கோழி எருவை அள்ளிக் கொட்டாதே, அதிலும் உப்பு உண்டு. உப்பங்கழியில் ஊறிய தேங்காய் நார்க்கழிவைக் கழுவாமல் போடாதே. உப்பேறிய ஆழ்குழாய்த் தண்ணீரைக் கோடையில் பாய்ச்சாதே. மூன்றாம் ஆண்டில்தான் பள்ளக்கட்டில் முதல் மண்புழுவைக் கண்டேன். வீட்டுக்கு ஓடி வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் செருப்பைக்கூடப் போடாமல் வயலுக்கு நடந்தார். இப்போது அங்கே மாவுக்கு ஏழு மூட்டை காண்கிறோம்.

உங்களால்தான் எனக்குப் படிக்கிற பழக்கமும் வந்தது. நாட்டில் ஏறக்குறைய 67 லட்சம் ஹெக்டேர் நிலம் இப்படி உவராகவும் களராகவும் கிடக்கிறது என்று படித்தபோது, எத்தனை அப்பாக்கள் எத்தனை வரப்பில் மண்ணைத் துப்பியிருப்பார்கள் என்று மனசு கனத்தது. கர்னாலில் 1969 முதல் இதற்கென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. அதன் லக்னோ நிலையம் களர் நிலத்துக்கென்றே ஒரு நுண்ணுயிர்க் கலவையை உருவாக்கியிருக்கிறது என்று அறிந்தபோது, உங்களிடம் ஓடி வந்து சொல்ல வேண்டும்போல இருந்தது. திருச்சி வேளாண் கல்லூரியில் களர் நிலத்துக்கென உருவாக்கிய நெல் ரகங்களையும் பள்ளக்கட்டில் நட்டுப் பார்த்தேன். கடலோரத்துக்கு எங்கள் குழியடிச்சானையும் விடவில்லை.

2018 நவம்பர் 16, கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறியது. தென்னைகள் வரிசையாகச் சாய்ந்தன. தாழ்வான வயல்களில் மறுபடியும் கடல் தண்ணீரும் சேறும் ஏறின. இந்த முறை நான் திகைத்து நிற்கவில்லை, அக்கா. வீட்டிலிருந்து டம்ளர்களை எடுத்துக்கொண்டு வரப்பு வரப்பாகப் போனேன். புயலுக்குப் பின்னால் வழக்கம்போல் கேன்களோடு ஆட்கள் வந்தார்கள். “முதல்ல மண்ணக் கேளுங்க, அப்புறம் கேன வாங்குங்க” என்று பெண்களைக் கூட்டி வைத்துச் சொன்னேன். எங்கள் தெருவில் ஒரு தோடுகூட அதற்காக அடகுக்குப் போகவில்லை. அந்தப் பெண்கள் எனக்குச் சொன்ன நன்றியெல்லாம் உங்களுக்கு உரியது. இத்தனை நாள் அதை நான் வைத்துக்கொண்டிருந்ததற்கு மன்னியுங்கள்.

நீங்கள் எங்களுக்கு இலவசமாக எதையும் தரவில்லை. விதைக்கும் ஜிப்சத்துக்கும் காசு கொடுத்தோம், உழைப்பையும் கொடுத்தோம். நீங்கள் தந்தது வேறு. ஒரு மண்ணுக்கு எது வேண்டும் என்று முடிவு செய்யும் முன் அதனிடம் கேட்கும் பழக்கத்தைத் தந்தீர்கள். வயலைக் கைவிட்டு ஊரைவிட்டுப் போக அப்பா முடிவெடுத்திருந்த வேளையில் அந்தப் பழக்கம்தான் எங்களை இங்கே நிறுத்தியது. கடைசிவரை அவர் இந்த மண்ணில்தான் இருந்தார். போகும்போதும் களத்தில் நெல் குவிந்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார். அதற்காக ஒரு மகளாக உங்களுக்கு நன்றி சொல்கிறேன்.

எங்கோ ஓர் ஊரில், இந்நேரம் ஓய்வுபெறும் வயதை நெருங்கியிருப்பீர்கள். எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால், வரப்பு ஓரமாக வாருங்கள். குழியடிச்சான் சோறும், அம்மா கை மீன்குழம்பும் உண்டு.

திண்ணையில் வைத்த டம்ளரை இப்போதுதான் போய்ப் பார்த்தேன். மண் அடியில் உட்கார்ந்து, மேலே தண்ணீர் தெளிந்து நிற்கிறது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு இல்லை.


நாகைக் கடலோரத்திலிருந்து
உங்கள் தங்கை